பட்டாவில் இரண்டாவது பெயர்

சுங்கை செராய் நிலத் திட்டத்தில் முந்நூற்று எண்பது குடும்பங்களைக் குடியேற்றினார்கள். அவற்றில் தமிழ்க் குடும்பங்கள் மூன்று. ஒரு குடும்பம் நான்காம் வருடமே தாக்குப்பிடிக்க முடியாமல் செடெனாக் பக்கம் தோட்டத்து வேலைக்கே திரும்பிவிட்டது. என் அப்பா செல்லப்பன் முதுகு போனபின் எங்களைக் கூட்டிக்கொண்டு குளுவாங் பட்டணத்துக்கு வந்தார். மிஞ்சியது அங்கம்மா அத்தையின் குடும்பம்தான். அத்தை என்று கூப்பிடுவது பழக்கத்தில் வந்தது. ரத்த சம்பந்தம் கிடையாது. இரண்டு வீடு தள்ளி இருந்தார்கள், அவர்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தேன், அவ்வளவுதான்.

அத்தையும் அவர் கணவர் ஐயாசாமி மாமாவும் குளுவாங்குக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கிய சமயத்தில், நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் பத்து ஏக்கர் தருகிறது என்று மாமா கேள்விப்பட்டு மனுப் போட்டார். நேர்முகத்தில் அதிகாரி மாமாவிடம் அதிகம் கேட்கவில்லை. அத்தையைப் பார்த்துத்தான், கடையும் கோயிலும் இல்லாத இடத்தில் இருப்பாயா என்று மலாயில் கேட்டாராம். இருப்பேன் என்றார் அத்தை. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது, இடுப்பில் நான்கு வயது மகன் யுகேந்திரன்.

1988ஆம் ஆண்டு கடைசியில் லாரியில் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். இரண்டு அறைப் பலகை வீடு. வாசலில் எண் மட்டும் எழுதியிருந்தது. காட்டை அழித்து எண்ணெய்க்கான செம்பனைக் கன்று நடுகிற வேலையெல்லாம் குத்தகைக்காரரின் ஆட்கள் முன்பே முடித்திருந்தார்கள். மாமாவுக்குக் கிடைத்தது ஏழாவது பிளாக்கின் கடைசி நிலம். அதற்கு அந்தப் பக்கம் ஓடை, ஓடை தாண்டினால் காடு.

மாமா குலை வெட்டுவார். அத்தை உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் நிரப்புவார், வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்குவார். மகள் சாந்தினி பிறந்து நாற்பதாம் நாள் அவளைத் துணித்தொட்டிலில் இரண்டு மரத்துக்கு நடுவே போட்டுவிட்டு வேலை பார்த்தார். கஷ்டம்தான். ஆனால் அந்த வருடங்களைப் பற்றி அத்தை குறைப்பட்டு நான் கேட்டதில்லை. மின்சாரம் வந்தது. மருந்தகம் வந்தது. பாதி வீடு கல்வீடு ஆயிற்று. திட்டத்துப் பிள்ளைகள் படித்தார்கள், படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யுகேந்திரன் பாலிடெக்னிக் முடித்து சிங்கப்பூரில் மின்தூக்கி பழுதுபார்க்கிற வேலைக்குப் போனான். சாந்தினி குளுவாங்கில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தாள்.

சர்க்கரை வியாதி முற்றி, ஒரு காலை எடுத்தும் பயனில்லாமல், 2014இல் மாமா இறந்தார்.

அந்தத் திட்டத்து நிலத்தைப் பிரிக்க முடியாது. பட்டாவில் இரண்டு பெயர்களுக்குத்தான் இடம். மாமா பெயரும் அத்தை பெயரும் இருந்தன. மாமா போனதும் ஓர் இடம் காலியானது. யாராவது ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பார்க்கலாம் என்று அத்தை தள்ளிப்போட்டார்.

மறு வருடம் மறுநடவுக்கான கூட்டம் போட்டார்கள். மரங்கள் வயதாகி, குலை வெட்டும் கம்பு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் புதிதாக நட வேண்டும். நிலத்தை நிர்வாகத்தின் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு மாதப்படி வாங்கிக்கொள்ளலாம், அல்லது சொந்தமாக நடலாம். பிளாக்கில் மற்ற எல்லாரும் ஒப்படைத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. அத்தை மட்டும் மாட்டேன் என்றார். நிர்வாகி நல்ல மனிதர். உன்னுடையது கடைசி நிலம், காடு பக்கத்தில், தனியாளாக முடியாது என்று இரண்டு முறை வீட்டுக்கே வந்து சொல்லிப் பார்த்தார்.

நானும் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அத்தை சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

“இருபத்தேழு வருஷம் யாரோ நட்ட மரத்துக்குத்தான்டா ஒழைச்சோம். ஒரு தடவையாச்சும் நான் நட்டு நான் பாக்கணும்.”

நட்டார். 2016 மழைக்காலத்துக்கு முன்னால் ஐந்நூற்று அறுபது கன்றுகள். பழைய மரங்களைத் தள்ள இயந்திரம் வந்தது, குழி வெட்ட இரண்டு இந்தோனேசிய ஆட்களை வைத்துக்கொண்டார். ஆனால் கன்றை உறையிலிருந்து எடுத்துக் குழியில் இறக்கி மண் தள்ளி மிதிக்கிற வேலையை யாரிடமும் விடவில்லை. ஐம்பத்து நான்கு வயதில் ஒவ்வொன்றையும் அவரே இறக்கினார். யுகேந்திரன் ஒரு சனி, ஞாயிறு வந்து உதவிவிட்டுப் போனான். அந்த மூன்று மாதங்களில் அத்தை போல சந்தோஷமாக இருந்த மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒப்படைத்தவர்களின் நிலங்களைச் சுற்றி நிறுவனம் மின்வேலி போட்டது. காட்டு யானைகள் நடமாட்டம் அந்தப் பக்கம் எப்போதும் உண்டு. உயர்ந்த மரத்தை அவை தொடுவதில்லை. இளங்கன்று என்றால் பிடுங்கிப்போட்டுக் குருத்தைத் தின்றுவிடும். வேலி ஏழாவது பிளாக்கைச் சுற்றி வந்து, அத்தையின் எல்லைக்கல்லுக்கு முன்னால் திரும்பிப் போய்விட்டது. ஒப்பந்தத்தில் இல்லாத நிலத்துக்கு வேலி போட அவர்களுக்கு வழியில்லை. யானைகள் வேலியோரமாகவே நடந்து வந்தன. வேலி முடிந்த இடத்தில் அத்தையின் கன்றுகள் இருந்தன.

2017 மார்ச்சில் ஒரு காலை உரச்சாக்கோடு போன அத்தை, முதல் நான்கு வரிசையைக் காணாமல் வேறு யாருடைய நிலத்துக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்து மோட்டார் சைக்கிளைத் திருப்பியிருக்கிறார். பிறகு சாணத்தைப் பார்த்திருக்கிறார். நானூறுக்கு மேல் போய்விட்டது.

சேதி கேட்டு சாந்தினி வந்தாள். இரண்டு நாள் விடுப்பில் வந்தவள், இரண்டு வாரம் கழித்து பல் மருத்துவரின் வேலையை விட்டுவிட்டு நிரந்தரமாகவே வந்துவிட்டாள். அம்மா தனியாக இருக்கிறார் என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவளே என்னிடம் சொன்னாள். நாள் முழுக்க முகமூடி போட்டுக்கொண்டு இன்னொருவர் வாய்க்குள் விளக்குப் பிடிப்பதைவிட இது பிடித்திருக்கிறதாம்.

பிடித்துத்தான் இருந்தது. கைப்பேசியில் வீடியோக்களைப் பார்த்து, மிளகாய்த் தூளையும் எஞ்சின் கிரீஸையும் குழைத்துக் கயிற்றில் பூசி, ஓடைப் பக்கம் முழுக்கக் கட்டினாள். காலி டின்களைத் தொங்கவிட்டாள். அடுத்த வருடம் அம்மாவும் மகளும் மறுபடி நானூறு கன்று நட்டார்கள். கயிறு வேலை செய்ததா, அல்லது யானைகள் அந்தச் சமயம் வேறு பக்கம் போயிருந்தனவா தெரியாது. ஒன்றரை வருடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கன்றுகள் இடுப்புயரம் வந்தன. சிலவற்றில் முதல் பாளை தெரிந்தது. நான் போயிருந்தபோது சாந்தினி ஒவ்வொரு வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். எந்த மரத்துக்கு எப்போது உரம் போட்டது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

2020 மார்ச்சில் கிருமி வந்து நாடே மூடப்பட்டது. வீட்டை விட்டு எட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த நிலத்துக்குப் போக போலீஸ் கடிதம் வேண்டும். கடிதம் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. நிலத்துக்குப் போகிற சடக்கில் ஆள் நடமாட்டமே இல்லாத அந்த மூன்று வாரத்தில் யானைகள் நிதானமாக வந்து போயிருக்கின்றன. கயிறு அறுந்து ஓடையில் கிடந்தது. அத்தை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சாந்தினி வரிசை வரிசையாக நடந்து, போனதையும் இருப்பதையும் எண்ணிக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். முந்நூற்று எண்பது போயிருந்தது.

கயிறெல்லாம் இனிமேல் ஆகாது, வேலி வேண்டும் என்று சாந்தினி முடிவு செய்தாள். அவள் மலாயில் நன்றாக எழுதுவாள். திட்ட அலுவலகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினாள். கடைசியில் சாதகமான பதில் வந்தது. கம்பியும் கம்பமும் பேட்டரியும் அலுவலகம் தரும், ஊன்றுகிற வேலையை நிலத்துக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் மனுவில் பட்டாவிலுள்ள இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது பெயர் ஆறு வருடமாகக் காலியாக இருக்கிறது, முதலில் அதை நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

ஜூலையில் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் அத்தையையும் சாந்தினியையும் என் வண்டியில் நான்தான் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். சாந்தினி எல்லாத் தாள்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். தன் அடையாள அட்டையின் நகலையும் வைத்திருந்தாள். கவுன்டரில் இருந்த பெண் இரண்டாவது பெயரைக் கேட்டாள். அத்தை கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். யுகேந்திரனுடைய அடையாள அட்டையின் நகல்.

சாந்தினி அதைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, அவள் பாட்டுக்கு எண்களைத் தட்டினாள். சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும் என்று தாளைத் தள்ளினாள். சாந்தினி பேனாவை வாங்கி, சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வண்டியில் ஏறியபின்தான் அத்தை பேசினார்.

“தப்பா நெனைக்காத. நீ நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போயிருவ. அவன் பேரு இருந்தா அவன் திரும்பி வருவான்லா.”

சாந்தினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

“நடும்போது யாரு பேரும் கேக்கலையேம்மா.”

அத்தை கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. சிங்கப்பூர்க்காரனாகவே ஆகிவிட்ட மகனை ஒரு பெயரால் கட்டி இழுத்துவிடலாம் என்று நம்பினார். பக்கத்தில் இருப்பவள் எப்படியும் இருப்பாள் என்றும் நம்பினார்.

சாந்தினி சண்டை போடவில்லை. வேலிக்கான மனுவை முழுவதும் நிரப்பி, அண்ணன் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் குறியிட்டு மேசைமேல் வைத்தாள். அந்த மாதக் கடைசியில் கூலாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மனுவில் யுகேந்திரனின் கையெழுத்து வேண்டும். யுகேந்திரனோ எல்லைக்கு அந்தப் பக்கம். இரண்டு நாட்டுக்கும் நடுவிலிருக்கிற பாலம் மூடியிருந்தது. நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மாட்டிக்கொண்டு, வாடகை அறைகளில் பத்துப் பேராகப் படுத்துக்கிடந்த காலம் அது. அதிகாரி முன்னிலையில் போட்ட கையெழுத்துதான் செல்லும் என்பதால், அங்குள்ள நம் நாட்டுத் தூதரக அலுவலகத்தில் முன்பதிவு செய்து காத்திருந்தான். தாளைத் தபாலில் அனுப்பினான். ஒரு பக்கத்தில் முத்திரை விட்டுப்போயிருந்தது என்று திரும்பி வந்தது. மறுபடி முன்பதிவு, மறுபடி தபால். அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. முடிந்ததையெல்லாம் செய்தான். இரண்டாவது தாள் வந்து சேர்ந்தபோது வேலிச் சாமான்களுக்கான ஒதுக்கீடு முடிந்துவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள்.

2021 நவம்பரில் யானைகள் மூன்றாம் முறை வந்தன. மிச்சம் இருந்தவற்றோடு, அத்தை தன்னந்தனியாக இடைவெளிகளில் நட்டிருந்த கன்றுகளும் போயின. இந்த முறை எண்ணிப் பார்க்க யாரும் இல்லை. வனவிலங்கு இலாகா ஆட்கள் வந்து வேட்டு வெடித்து விரட்டினார்கள். அவை ஓடையைத் தாண்டி நின்று, அவர்கள் போனபின் திரும்பி வந்தன என்று பக்கத்து நிலத்து வேலையாட்கள் சொன்னார்கள்.

ஏப்ரலில் பாலம் திறந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு யுகேந்திரன் வீட்டுக்கு வந்தான். அத்தை முதல்நாளே கோழி வாங்கிவைத்து, அவன் அறைக்குப் புது மெத்தை உறை போட்டிருந்தார். அவன் வந்து நிலத்தைப் பார்த்தான். லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. திரும்பி வந்து சாப்பிட்டு முடித்தபின், நிலத்தை நிறுவனத்திடம் ஒப்படைக்கும் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

“நான் இங்க வந்து என்னம்மா செய்யப் போறேன்? அங்கதான் நிரந்தரமா இருக்க பி.ஆர். போட்டிருக்கேன். நீங்க இன்னும் எத்தன தடவ நடுவீங்க?”

அவன் கையெழுத்துப் போடுவதை அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவை வாங்கி முதல் பெயருக்கு எதிரே தானும் போட்டார். எழுதப் படிக்க அவருக்குச் சிரமம்தான், கையெழுத்து மட்டும் மாமா சொல்லிக்கொடுத்தது.

சில மாதங்கள் கழித்து அத்தைக்கு இன்னொரு எண்ணம் வந்தது. யுகேந்திரனைக் கூப்பிட்டு, இரண்டாவது பெயரைத் தங்கச்சிக்கு மாற்றிக் கொடுத்துவிடு என்று கேட்டார். அவன் உடனே சம்மதித்தான். எனக்கெதுக்கும்மா அது, எப்ப வேணும்னாலும் எழுதித் தரேன் என்றான். இவ்வளவு சுலபமாகக் கொடுப்பான் என்று தெரிந்திருந்தால் என்று அத்தை ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். மறுபடி அலுவலகத்துக்குப் போனோம். ஒப்பந்தக் காலம் முடியும்வரை பட்டாவில் பெயர் மாற்ற முடியாது என்று அங்கே விளக்கினார்கள். இன்னும் இருபத்து நான்கு வருடம். அத்தைக்கு அப்போது எண்பத்து நாலு வயதிருக்கும், இருந்தால்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தினிக்குப் போன் போடச் சொன்னார். ஒலிபெருக்கியில் போட்டேன். பெயரை மாற்றக் கேட்டதையும், முடியாது என்றதையும் அத்தை சொன்னார். அந்தப் பக்கம் தொழிற்சாலையின் ஓய்வறைச் சத்தம் கேட்டது.

“அதெல்லாம் வேணாம்மா,” என்றாள் சாந்தினி. “மருந்து ஒழுங்கா சாப்புடுறீங்களா?”

கோபம் இருந்தால் தணிக்கலாம். அவள் குரலில் கோபம் இல்லை. மாதாமாதம் அம்மாவுக்கு மருந்தும் பால்மாவும் அனுப்புகிறாள். தீபாவளிக்கு வருகிறாள். இரண்டு நாள் இருந்து வீட்டைக் கழுவி, திரைச்சீலையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டுப் போகிறாள். நிலம் இருக்கிற பக்கம் போவதில்லை, அதைப் பற்றிக் கேட்பதும் இல்லை.

நிறுவனம் 2023இல் அங்கே நட்டது. வேலி இப்போது ஓடைவரை போகிறது. வங்காளதேசத்து ஆட்கள் வேலை செய்கிறார்கள். கன்றுகள் அருமையாக வந்திருக்கின்றன, சொன்னால் நம்ப மாட்டீர்கள். அத்தை ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போய் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். ஒருநாள் கதவு திறந்திருக்கவே உள்ளே நுழைந்து, பழக்கத்தில் ஒரு கன்றின் அடியில் புல் பிடுங்க உட்கார்ந்துவிட்டார். மேற்பார்வையாளன் ஓடி வந்து, மருந்து அடிக்கிற இடம், உங்களுக்கு ஏதாவது ஆனால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று மரியாதையாகவே சொல்லி வெளியே அனுப்பினான். அதன்பின் அவர் போகவில்லை.

இந்த வருடம் ஏதோ ஆண்டுவிழாவுக்காக, திட்டத்தின் வளர்ச்சியைப் பற்றிப் புத்தகம் போடுகிறோம் என்று தலைநகரிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். முதல் தொகுதியில் வந்து இன்னும் இங்கேயே இருக்கிற பெண்களைப் படமெடுக்க வேண்டுமாம். அப்படி இருப்பவர்கள் ஒன்பது பேர்தான். அத்தையை அவருடைய நிலத்தில் நிறுத்தி எடுக்க விரும்பினார்கள். மேற்பார்வையாளன் மின்சாரத்தை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டான். அத்தை நல்ல சேலை கட்டி, கால் வீக்கத்தோடு மெதுவாக நடந்து போய் ஒரு செம்பனைக்குப் பக்கத்தில் நின்றார். மரத்தின் மேல் கை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வைத்துக்கொண்டார். இதெல்லாம் நீங்களே நட்டதா என்று ஒருவன் மலாயில் கேட்டான். இல்லை என்றார். அவனுக்கு அது கேட்கவில்லை போலிருக்கிறது. படத்துக்கடியில், தன் கையால் நட்ட மரத்தோடு அங்கம்மா என்று எழுதிக்கொண்டான்.

படம் அத்தையின் கைப்பேசிக்கும் வந்தது. சாந்தினிக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. அத்தை கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஷிப்ட் நேரமாக இருக்கும் என்று நான் சொன்னேன்.

சாயங்காலம் பதில் வந்தது. அத்தைக்காக நான் வாசித்தேன். கால் ரொம்ப வீங்கியிருக்கிற மாதிரி தெரியுது, இந்த வாரமே மருந்தகத்தில் காட்டுங்க, சேலை நல்லாயிருக்கு.

“அவ்வளவுதானா?” என்று கேட்டார்.

அவ்வளவுதான் என்றேன். அத்தை எழுந்து போய்த் துணி மடிக்கத் தொடங்கினார்.